கொடுமுடி சுந்தராம்பாளை நடிகை என்று சொல்லத் தயங்குவது ஏன்?

காவிரிக்கரை:

ஈரோடு மாவட்டத்தில் இயங்கும் ஒரு கலை அமைப்பு, கே.பி. சுந்தராம்பாள் நினைவாக ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த இருக்கிறது. அழைப்பிதழின் வரைவை எனக்குக் காட்டினார்கள். அவர் பெயருக்குக் கீழே "பக்திப் பாடகி" என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலிலும் பாட்டுக் கச்சேரியைத் தவிர வேறொன்றும் இல்லை.

கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர் அவர். வறுமையால் ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியை நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். வேலு நாயர் குழுவில், பசியால் அழும் நல்லதங்காளின் பிள்ளையாக மேடையேறினார். பிறகு ஸ்பெஷல் நாடகங்களில் (தனித்தனிக் கலைஞர்களை அந்த நாடகத்துக்கென்று அழைத்துச் சேர்த்து நடத்துபவை) வள்ளியாக எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு எதிரே நின்றார். ஆண் வேடமேற்று நந்தனாராகவும் நின்றார். 1935-இல் தொடங்கி எழுபதுகளின் நடுப்பகுதி வரை திரையிலும் தோன்றினார். இப்படி ஒருவரை நடிகை என்று எழுத நம் ஊர்க்காரர்களுக்கே கை வரவில்லை என்றால், வெளியூர்க்காரர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பாட்டு அவருடைய கலையில் பெரும்பங்கு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டு ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டால் பாதிக் கலைஞரைத்தான் நினைவுகூர்கிறோம் என்று கருதுகிறேன். நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பவானி வாசகர்:

காவிரிக்கரை அவர்களுக்கு வணக்கம். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். முடிவோடு உடன்பட இயலவில்லை.

நம் மண்ணில் பிறந்தவர் என்பதற்காக, அவரிடம் இல்லாத ஒன்றை ஏற்றிச் சொல்வது அவருக்குப் பெருமை சேர்க்காது. அவர் நடித்த படங்கள் ஏறக்குறைய ஒரு டஜன்தான். அவற்றில் "ஔவையார்", "திருவிளையாடல்", "கந்தன் கருணை" ஆகிய மூன்றிலும் அவர் ஔவையார். "பூம்புகார்" படத்தில் சிலப்பதிகாரத் துறவி கவுந்தியடிகள்; "காரைக்கால் அம்மையார்" படத்தில் பேயுரு வேண்டிப் பெற்ற பிற்பகுதி அம்மையார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல், நாவில் தெய்வம் என்று ஒரே வார்ப்பில் அமைந்த பாத்திரங்கள் இவை. நடிகை என்றால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறத் தெரிய வேண்டும். பானுமதி பாடினார், நடித்தார், படம் இயக்கினார். அவருடைய பாத்திரங்களில் காதலி உண்டு, குறும்புக்காரி உண்டு, மாமியார் உண்டு. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் என்ன மிஞ்சும்?

1935-இல் வெளிவந்த "பக்த நந்தனார்" படத்துக்கு அவர் வாங்கிய ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைய இந்தியாவில் அது கேள்விப்படாத தொகை. அந்தப் பணம் அவருடைய குரலுக்கும் மேடைப் புகழுக்கும் கொடுக்கப்பட்டது. படம் வந்தபோது கல்கி எழுதிய விமர்சனம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைத் திரைப்பட வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்.

"பூம்புகார்" தொடர்பான செய்தியையும் சொல்ல வேண்டும். தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் பொருளில் எழுதப்பட்ட ஒரு வரியைப் பாட அவர் இசையவில்லை. கலைஞர் கருணாநிதி அந்த வரியை மாற்றிக் கொடுத்தார். அவருடைய உறுதியைப் போற்றுகிறேன். ஆனால் பாத்திரத்தின் வாயில் வர வேண்டிய சொல்லைத் தன் நம்பிக்கைக்காக மறுப்பவரைச் சான்றோர் எனலாம். நடிகர் என்று சொல்வதற்கு அது எதிர்ச்சான்று அல்லவா?

குரல்வழி:

நான் திருப்பூர்க்காரி. சென்னையில் பின்னணிக் குரல் கொடுக்கும் தொழிலில் இருப்பவள் என்பதால், இந்த விவாதத்தில் சொல்வதற்கு ஒன்றுண்டு என்று நினைக்கிறேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்களுக்கு முன்னால் திரையும் மைக்கும் மட்டுமே இருக்கும். வேறொருவர் நடித்து முடித்த முகத்தைப் பார்த்து, அவர் உதடு திறக்கும் இடத்தில் தொடங்கி, மூடும் இடத்தில் முடிக்க வேண்டும். மூச்சு வாங்குவதும், விம்முவதும், சொல்ல வந்து விழுங்குவதும் எங்கள் பொறுப்பு. "பம்பாய்" படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கும் "ராவணன்" படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கும் குரல் கொடுத்தவர் ரோகிணி. அவர் தாமே நல்ல நடிகையாக இருப்பதால்தான் அந்தக் குரல் அந்த முகங்களில் ஒட்டியது. குரலில் நடிப்பது தனி வேலை என்பதால்தான் தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. ஆகவே, குரலுக்காகப் பணம் வாங்கினார் என்று பவானி ஐயா சொல்வதை வைத்து, நடிப்புக்காக வாங்கவில்லை என்ற முடிவுக்கு வர முடியாது.

"பக்த நந்தனார்" எடுத்த காலத்தில் தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டு கிடையாது. 1938-இல் வந்த "நந்தகுமார்" படத்தில்தான் ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடும் முறை இங்கே தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் காமிரா ஓடும்போதே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிரா கண்ணுக்குப் படாமல் ஒதுங்கி இருந்து வாசிப்பார்கள். சுருதி விலகக் கூடாது, முகம் பாத்திரத்திலிருந்து விலகக் கூடாது, மைக் இருக்கும் இடத்தை விட்டு நகரவும் கூடாது. அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்த கலைஞருக்கு, இருபத்தாறு இருபத்தேழு வயதில், ஆண் வேடம்!

"ஔவையார்" வந்த 1953-க்குள் முறை மாறிவிட்டது. பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைக்க வேண்டும். மேடையில் அன்றைய கூட்டத்தைப் பார்த்து ஒரு வரியை நாலு விதமாக நீட்டிப் பழகிய ஒருவர், தம் குரலே தட்டில் உறைந்துபோன பிறகு, அந்த நீட்டலும் நிறுத்தமும் மாறாமல் அப்போதுதான் நெஞ்சிலிருந்து வருவதுபோல முகத்தைக் கொண்டுவர வேண்டும். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பிறர் குரலுக்கு வாயசைப்பதைவிட இது கடினம். இன்னொருவர் குரலில் சிறு பிசகு நேர்ந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார்; சொந்தக் குரலில் நேர்ந்தால் உடனே பொய்யாகிவிடும்.

காவிரிக்கரை:

குரல்வழி அம்மணி சொன்னதற்கு நன்றி. ஒரே வார்ப்புப் பாத்திரங்கள் என்று பவானி ஐயா வைத்த குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

கணவர் கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அதன் பின் அவர் உடுத்தியது வெள்ளை. ஆண் நடிகர்களோடு இணையாக நடிப்பதில்லை என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. நந்தனாராக அவர் திரைக்கு வந்ததே இந்த முடிவுக்குப் பிறகுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. காதலி வேடத்தை அவர் ஏற்காததற்குக் காரணம் இயலாமை அன்று. வள்ளியாக அவர் ஆடிப் பாடியதைப் பார்க்க இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கூட்டம் திரண்டது. எதிரே நின்றவர் கிட்டப்பா. அவருடைய உச்சஸ்தாயிக்கு முன்னால் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் தாக்குப்பிடித்து, வேடனாகவும் கிழவனாகவும் வருகிற முருகனோடு தர்க்கம் செய்ய வேண்டும். வள்ளி திருமணத்தின் உயிரே அந்தத் தர்க்கத்தில்தான் இருக்கிறது. எழுதி வைத்த வசனம் பாதி, அந்த நேரத்தில் வாய்க்கு வருவது பாதி. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கு நடிப்பு தெரியாது என்று எப்படிச் சொல்வது? (இன்று நம் பகுதியில் ஊர்தோறும் வள்ளி கும்மி மீண்டும் ஆடப்படுவதைப் பார்க்கும்போது, அந்தக் கதைக்கு இந்த மண்ணில் இன்னும் வேர் இருக்கிறது என்பது மகிழ்ச்சியளிக்கிறது.)

"கந்தன் கருணை" படத்தின் வினா விடைக் காட்சியைப் பாருங்கள். முருகன் கேட்பது வசனம். ஔவை சொல்வது பாட்டு. அரியது எது, பெரியது எது என்று கேள்வி விழுந்தவுடன் அவர் பாடத் தொடங்கிவிடுவதில்லை. பேச்சின் குரலிலேயே முதற்சொல்லை எடுத்து, அது எந்த இடத்தில் இசையாக மாறியது என்று நமக்குத் தெரியாதபடி மேலே கொண்டுபோகிறார். உடம்பு அசைவதில்லை; கண் மட்டும் கேட்டவனை விட்டு அகலவில்லை. பாடகி ஒருவர் அங்கே நின்றிருந்தால் அவையைப் பார்த்திருப்பார். ஔவை முருகனைப் பார்க்கிறாள். நான் நடிப்பு என்று சொல்வது இதைத்தான். அந்தப் படத்தில் முருகனாக வந்த சிவகுமாரும் சூலூர்ப் பக்கத்துக்காரர் என்பது கொங்கு நாட்டாருக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

நொய்யல்:

இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1951-இல் அவர் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் திரைத்துறையிலிருந்து ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் கலைஞர் அவர்தான். சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் காங்கிரஸ் மேடைகளில் பாடி மக்களைத் திரட்டினார். அழைப்பிதழில் அதுவும் இடம்பெற வேண்டும்.

பவானி வாசகர்:

நொய்யல் அவர்கள் சொன்னது உண்மை; அழைப்பிதழில் இடம்பெறத் தக்கதுமாகும். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது நடிப்பைப் பற்றி.

காவிரிக்கரை அவர்கள் காட்டிய காட்சியை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் நீங்கள் நடிப்பென்று காண்பதை நான் சங்கீத ஞானமாகவே காண்கிறேன். விருத்தம் பாடத் தெரிந்த எவரும் பேச்சிலிருந்து பாட்டுக்கு அப்படித்தான் ஏறுவார்கள். அதற்கு ஓதுவார் மரபு இருக்கிறது, நாடகப் பாட்டு மரபு இருக்கிறது. "துணைவன்" படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்ததை நினைத்துப் பாருங்கள். நம் கோவைக்காரர் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த படம் அது. விருதின் பெயர் சிறந்த பின்னணிப் பாடகி. அந்தப் பிரிவு தொடங்கிய முதலாண்டில் பி. சுசீலாவும், அடுத்து சுந்தராம்பாளும் அதைப் பெற்றார்கள். நாடே அவரைப் பாடகி என்று தீர்மானித்து விருது கொடுத்தது. நாம் எதற்கு மாற்றிச் சொல்ல வேண்டும்?

அவருடைய வள்ளியை நாம் யாரும் பார்த்ததில்லை. மேடை நாடகம் அன்றிரவோடு கலைந்துவிடுகிறது. கூட்டம் திரண்டது என்பதை நடிப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அது குரலுக்குத் திரண்ட கூட்டமாகவும் இருக்கலாம். கையில் இருப்பவை இசைத்தட்டுகளும் சில படங்களும். அவற்றை வைத்துத்தான் எடைபோட முடியும்.

குரல்வழி:

விருதைப் பற்றி ஐயா சொன்னதையே நான் என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். "துணைவன்" படத்தில் பாடிய குரலும் திரையில் தோன்றிய முகமும் அவருடையவையே. அவர் யாருக்குப் பின்னணி பாடினார்? தமக்குத் தாமேதான். குரல் ஒருவர், முகம் ஒருவர் என்று ஆன காலத்தில் ஏற்படுத்திய பிரிவு அது. அந்தப் பிரிவினை வருவதற்கு முன்பே வளர்ந்த ஒரு கலைஞரை அதில் வைத்துக் கௌரவித்தார்கள். பத்மஸ்ரீயும் 1970-இல் வந்தது. கௌரவம் சரியானது. ஆனால் விருதின் பெயரை வைத்து அவர் செய்த வேலை இன்னதுதான் என்று வரையறுப்பது சரியாகாது.

"பூம்புகார்" வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரல் கொடுக்கும்போது நாங்கள் அன்றாடம் சந்திக்கும் சிக்கல் இது. சில வசனங்கள் வாயில் உட்காராது. நம்பாமல் சொன்னால் ஒலிப்பதிவில் அது அப்படியே கேட்கும். எங்களில் பெரும்பாலோர்க்கு மறுக்கும் உரிமை இல்லை. சம்பளத்துக்காகச் சொல்லிவிட்டு வருகிறோம். சுந்தராம்பாளுக்கு அந்த உரிமை இருந்தது. தம் குரலில் பொய்யாக ஒலிக்கும் என்று தெரிந்த ஒன்றை அவர் ஏற்கவில்லை. எஸ்.எஸ். ராஜேந்திரனும் விஜயகுமாரியும் கோவலன் கண்ணகியாக மதுரைக்கு நடக்கும் வழியில், அவர்களுக்கு ஆறுதலாக வருகிற துறவியின் வாயில் அந்த ஐயம் பொருந்துமா என்பதும் சிந்திக்க வேண்டியதே. கவுந்தியடிகளை நன்றாகப் புரிந்துகொண்டவர் மறுத்த மறுப்பு அது என்பது என் எண்ணம்.

பவானி வாசகர்:

கவுந்தியடிகள் சமணத் துறவி, அம்மா. சிலப்பதிகாரத்தின்படி அருகனைத் தவிர வேறு தெய்வத்தைப் பாடாதவர். சுந்தராம்பாள் அவரைத் தம் சைவ நெஞ்சத்துக்கு இழுத்துக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது. பாத்திரம் கலைஞரிடம் வந்ததே தவிர, கலைஞர் பாத்திரத்திடம் போகவில்லை. என் மறுப்பின் அடிப்படை இதுதான்.

காவிரிக்கரை:

ஐயா சொன்ன இந்த ஒன்று வலுவான வாதம். நாடக மரபை வைத்து இதற்கு விடை தருகிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் கலைஞர் பாத்திரத்துக்குள் மறைந்துபோவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ராஜபார்ட் (நாயகன்) யார், ஸ்திரீபார்ட் (நாயகி) யார் என்று நோட்டீஸில் பெயர் பார்த்து வந்தவர்கள் அவர்கள். கிட்டப்பாவின் முருகன், சுந்தராம்பாளின் வள்ளி என்றுதான் பேசினார்கள். கலைஞரும் தெரிய வேண்டும், பாத்திரமும் தெரிய வேண்டும். அந்த நடிப்பு முறைக்கு அதற்குரிய இலக்கணம் உண்டு. பிற்காலத் திரை நடிப்பின் அளவுகோலை அதன்மேல் வைத்துக் குறை காண்பது முறையாகாது. பானுமதி வேறு வழியில் பெரியவர்.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் முகந்து பழனிக்குக் காவடி கொண்டுபோகிறவர்கள் ஆண்டுதோறும் நம் கண்முன்னே நடக்கிறார்கள். வழிநெடுக மைக் செட்டில் ஒலிப்பது பெரும்பாலும் அவருடைய பாட்டுதான். கேட்பவர்கள் மனத்தில் வெறும் குரல் வருவதில்லை. கோலூன்றிப் பழனி மலையில் கோபித்து நிற்கும் குழந்தையைச் சமாதானம் செய்கிற ஒரு கிழவி வருகிறாள். "ஔவையார்" வெளிவந்தபோது சுந்தராம்பாளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. ஆனாலும் தமிழர்களுக்கு ஔவை என்றால் அந்த முகம்தான். பள்ளிக்கூட நாடகத்தில் ஔவை வேடம் போடும் பெண்குழந்தைக்கு அந்தத் திருநீற்றையும் கோலையும் கொடுத்து, அந்தக் குரலை இழுத்துப் பேசச் சொல்கிறோம். ஒரு பாத்திரத்துக்கு நிலையான உருவம் கொடுத்தவரை நடிகை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அமைப்பாளர்களிடம் நான் கேட்கப்போவது இவ்வளவே: கச்சேரிக்கு முன்னால் "பூம்புகார்", "கந்தன் கருணை" இரண்டிலிருந்தும் ஒவ்வொரு காட்சியைத் திரையிட வேண்டும், அழைப்பிதழில் "நாடக, திரைப்பட நடிகை, பாடகி" என்று போட வேண்டும்.

பவானி வாசகர்:

திரையிடலாம், அதற்கு நானும் கையொப்பம் இடுகிறேன். அழைப்பிதழில் "நாடகக் கலைஞர், பாடகி" என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. "திரைப்பட நடிகை" என்று சேர்ப்பதானால் அது பாடகி என்பதற்குப் பின்னால் வரட்டும். காட்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது "பூம்புகார்" படத்தில் பாட்டு இல்லாத, கவுந்தியடிகள் பேச மட்டும் செய்கிற ஒரு பகுதியை எடுங்கள். உங்கள் வாதம் அதில் நிற்கிறதா என்று வந்தவர்களே பார்த்துக்கொள்ளலாம்.