ஒரு குழுவை எதை வைத்துக் ‘கல்ட்’ என்று சொல்கிறோம்?

கேள்வி: கரையோரம்

வணக்கம். என் தம்பி சில காலமாக ஒரு தியானப் பயிற்சிக் குழுவோடு மிகவும் நெருங்கியிருக்கிறான். வார இறுதி முழுவதும் அங்கேயே கழிகிறது. பழைய நண்பர்களோடு பேச்சு குறைந்துவிட்டது. எதைப் பற்றிப் பேசினாலும் அந்தக் குழுவின் தலைவர் சொன்னதில்தான் வந்து முடிக்கிறான். அது ஒரு கல்ட், அதாவது வந்தவரைத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்ளும் குழு, என்று நான் சொன்னதும், “உனக்குப் பிடிக்காத எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வைத்துவிடுவாயா?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் நேர்மையான விடை இல்லை. எல்லா மதங்களிலும் குரு உண்டு, சடங்கு உண்டு, காணிக்கை உண்டு. துறவு மடங்களிலும் படைப்பயிற்சியிலும் இதைவிடக் கடுமையான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அப்படியிருக்க, சிலவற்றை மட்டும் அந்தப் பெயரால் அழைப்பதற்கு ஆளுக்கு ஆள் மாறாத அளவுகோல் ஏதேனும் உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: நெடுவழி

அவர்கள் எதை நம்புகிறார்கள் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஏறத்தாழ எல்லா நம்பிக்கையும் விசித்திரமாகத்தான் தெரியும். தன்னிடம் வந்தவரை அந்தக் குழு என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ராபர்ட் லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், கொரியப் போரில் சிறைப்பட்டுத் திரும்பிய படைவீரர்களையும், கம்யூனிசச் சீனாவில் ‘சிந்தனைச் சீர்திருத்தம்’ என்ற பெயரில் அழுத்தத்துக்கு உள்ளாகி வெளியேறியவர்களையும் சந்தித்துப் பேசி, 1961இல் எட்டுக் கூறுகளை வரையறுத்தார். அங்கே கடவுளும் இல்லை, குருவும் இல்லை. இருந்தும் இன்றுவரை கல்ட் பற்றிப் பேசுவோர் அந்த எட்டையே எடுத்தாள்கிறார்கள். வெளியிலிருந்து வரும் செய்திகளைக் கட்டுப்படுத்துவது, குற்றங்களை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஓயாமல் வற்புறுத்துவது ஆகியவை அவற்றுள் சில. என் பார்வையில் தலையாயது, மனிதரைவிடக் கொள்கையை மேலே வைப்பதாகும். ஒருவருடைய சொந்த அனுபவம் கொள்கையோடு முரண்படும்போது பிழை எப்போதும் அனுபவத்தின் மீதே சுமத்தப்படும். பயிற்சி பலன் தரவில்லை என்று சொன்னால், நீ முழு மனத்தோடு செய்யவில்லை என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். பயிற்சியே தவறாக இருக்கலாம் என்ற வாய்ப்பு ஒருபோதும் பேசப்படாது.

மதத்துக்கும் இதற்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. கலிபோர்னியாவில் 1958இல் போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்காகச் சார்ல்ஸ் டெடரிச் தொடங்கிய சினனான், முதல் சில ஆண்டுகளில் பலரும் பாராட்டிய மறுவாழ்வு இல்லமாக இருந்தது. குணமானவர் வெளியுலகுக்குத் திரும்பலாம் என்ற நிலை பிறகு மாறி, வாழ்நாள் முழுவதும் உள்ளேயே இருக்க வேண்டும் என்றானது. அதன்பின் தலையை மழிக்கச் சொன்னார்கள். ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யச் சொன்னார்கள். தம்பதிகளைப் பிரிந்து வேறு துணையோடு சேரச் சொன்னார்கள். 1978இல் அவர்களுக்கு எதிராக வழக்காடிய வழக்கறிஞர் ஒருவரின் தபால் பெட்டிக்குள் உயிருள்ள நச்சுப்பாம்பை வைக்கும் அளவுக்கு அது போனது. இத்தனைக்கும் பெயரும் தலைவரும் மாறவில்லை. ஆகவே ஒரு குழு கல்ட்டா இல்லையா என்று கேட்கும்போது, எந்த ஆண்டில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பதில்: பழைய வாசகர்

நெடுவழி அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் இந்தச் சொல்லைக் கையாள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. மதங்களை ஆராயும் சமூகவியலாளர் பலர் இதைத் தவிர்த்துவிட்டு ‘புதிய மத இயக்கம்’ என்றே எழுதுகிறார்கள். கல்ட் என்று சொன்ன மறுகணமே விசாரணை முடிந்து தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது என்பதே காரணம்.

அந்தச் சொல்லோடு மூளைச்சலவை என்ற கருத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர், தென் கொரியாவில் தோன்றிய, ‘மூனிகள்’ என்று அழைக்கப்பட்ட ஒருங்கிணைப்புத் திருச்சபை என்ற மத இயக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதன் தங்கிப் பயிலும் முகாம்களுக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை என்பதையும், சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே விலகிவிட்டார்கள் என்பதையும் அவர் காட்டினார். வந்தவரையெல்லாம் அடிமையாக்கும் உத்தி அங்கே இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவில், பிள்ளைகளை மீட்பதாகச் சொல்லி, வயதுவந்தவர்களைக் கூடக் கடத்திக் கொண்டுபோய் அறையில் பூட்டி மனம் மாற்றுவதைத் தொழிலாகவே சிலர் செய்தார்கள். கட்டாயப்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டே கட்டாயப்படுத்துவதற்கு நியாயம் ஆனது. அதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி சொல்லலாம். பணம் பறித்தார்கள், உறக்கத்தைக் கெடுத்தார்கள், குடும்பத்தோடு பேச விடவில்லை என்று சொல்லும்போது அதை மெய்யா பொய்யா என்று சரிபார்க்க முடியும். வெறும் பெயரைச் சரிபார்க்க வழியில்லை.

பதில்: வெளிவந்தவன்

இப்படியொரு குழுவில் பல ஆண்டுகள் இருந்து விலகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். குழுவின் பெயர் இங்கே தேவையில்லை.

இருவரும் ஒன்றைத் தொடவில்லை. ஒரு குழு அதில் உள்ள எல்லோருக்கும் ஒரே குழுவாக இருப்பதில்லை. நான் இருந்த இடத்தில், வாரம் ஒருமுறை வந்து கண்மூடி அமர்ந்துவிட்டுப் போனவர்களே மிகுதி. அவர்களுக்கு அது அமைதி தரும் நல்ல இடம். அவர்களிடம் கேட்டால் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள், அதில் பொய் இல்லை. உள்வட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பேடு தரப்பட்டது. வாரம் முழுவதும் மனத்தில் எழுந்த பொறாமை, ஆசை, தலைவர் மீது தோன்றிய ஐயம் எல்லாவற்றையும் எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். எழுதியபோது பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. பிறகு ஒரு கூட்டத்தில் நன்கொடைக் கணக்கைப் பற்றி நான் கேட்டேன். பொறுப்பாளர் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. என் தந்தையைக் குறித்து நான் எழுதியிருந்த ஒரு வரியை எல்லோர் முன்னும் நிதானமாகப் படித்தார். அதன் பிறகு அந்த அறையில் யாரும் எதையும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் நெக்ஸியம் என்ற குழுவின் மீது நடந்த வழக்கின் விவரங்களைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. தன்னம்பிக்கைப் பயிற்சி என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே பணம் கட்டிப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே இரகசியமாக இயங்கிய சிறு வட்டத்தில் சேர்ந்த பெண்களிடம் மட்டும், வெளியானால் வாழ்க்கையைக் கெடுக்கக்கூடிய படங்களும் வாக்குமூலங்களும் பிணையாக வாங்கப்பட்டன. உடலில் சூடும் வைக்கப்பட்டது. அதன் தலைவர் கீத் ரனியேருக்கு 2020இல் 120 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெளிவட்டத்தில் இருந்தவர் “எனக்கு ஒன்றும் நேரவில்லையே” என்று சொன்னால் அதுவும் மெய்தான்.

எனவே அந்தச் சொல் வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. விலகிய பிறகு, எனக்கு நேர்ந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, பிறருக்கும் இது நேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உள்ளே இருப்பவரிடம் அதைச் சொல்வது வேறு. குடும்பத்தார் ஒருநாள் உங்களை இப்படிச் சொல்லித் தடுப்பார்கள் என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். என் அக்கா அந்தச் சொல்லைச் சொன்ன நாளில் தலைவர் மீது எனக்கிருந்த நம்பிக்கை கூடத்தான் செய்தது.

கரையோரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெளிவந்தவன் ஐயா, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. தம்பி எந்த வட்டத்தில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அவனைக் காயப்படுத்தாமல் அதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வெளிவந்தவன்

குழுவைப் பற்றிய கருத்து எதையும் கேட்காதீர்கள், அம்மா; மனப்பாடமான பதில்தான் வரும். அவனுடைய நாட்களைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு வாரம் போகாமல் இருந்தால் யாராவது அழைத்து விசாரிப்பார்களா, முன்பு இருந்து இப்போது வராதவர்கள் யார், அவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று இயல்பாகப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். விலகியவர்களோடு இன்னும் நட்பாக இருக்கிறார்கள் என்றால் நீங்கள் பெருமளவு நிம்மதியடையலாம். அவர்களை எல்லோரும் பலவீனர்கள், துரோகிகள் என்கிறார்கள் என்றால் அவன் நீங்கள் நினைப்பதைவிட உள்ளே போயிருக்கிறான் என்று பொருள். அப்போதும் வாதாட வேண்டாம். அவன் எப்போது வந்தாலும் விளக்கம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். அவனுடைய வங்கிக் கணக்கும் சான்றிதழ்களும் அவன் கையிலேயே இருக்கின்றனவா என்பதை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.