பிடித்துவிடலா, மீளவிடலா? சால்மன் ஆற்று விதிகளுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் சால்மன் ஆறுகளில் தூண்டில் போடுவதற்குரிய விதிகளைத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். தூண்டிற்காரர், முள், நரம்பு, இரை என்று பெரும்பாலான சொற்கள் நம் கரைகளிலேயே வழக்கில் இருக்கின்றன. ‘சால்மன்’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டேன். நம் சந்தைகளில் இந்தியச் சால்மன் என்ற பெயரில் விற்கும் காலா மீன் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தப் பெயரை இங்கே இழுத்தால் குழப்பமே மிஞ்சும். பிடித்த மீனைக் கொல்லாமல் மறுபடி ஆற்றிலேயே விடுவதைக் குறிக்கும் ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ என்ற ஒன்று மட்டும் இரண்டு வாரமாகப் படிய மறுக்கிறது. முந்தைய மடல்களில் நண்பர்கள் முன்மொழிந்த சொற்களை விதிகளின் வாசகத்துக்குள் வைத்துப் பார்த்தேன். பார்த்ததில் தெரிந்ததையும், எனக்குத் தோன்றிய ஒரு சொல்லையும் உங்கள் முன் வைக்கிறேன்.

அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். தூண்டிற்காரரின் முள்ளில் சிக்குவது பெரும்பாலும் அப்படித் திரும்பி ஏறிக்கொண்டிருக்கும் மீன்தான். அதைக் கொன்றால் ஒரு மீன் மட்டும் குறைவதில்லை, பெண் மீனாக இருந்தால் அது இட இருந்த ஆயிரக்கணக்கான முட்டைகளும் சேர்ந்து போகின்றன. திரும்பிவரும் மீன்களின் எண்ணிக்கையோ சரிந்துகொண்டே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன் கணக்கு 1952 முதல் எழுதிவைக்கப்பட்டு வருகிறது. 2023இல் பதிவான 32 ஆயிரத்துச் சொச்சம், அதுவரை இருந்த எந்த ஆண்டையும்விடக் குறைவு. அந்த ஆண்டு டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் பிரிட்டனின் சால்மனை அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

இதற்கு விதி என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் சொல்லைத் தேட முடியாது. 2015 முதல், ஏப்ரல் 1க்கு முன் பிடிபடும் சால்மன் எதையும் ஆற்றிலேயே விட்டாக வேண்டும். 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் கடலோரத்தில் சால்மனைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தடை செய்தன. ஆறுகளை மூன்று தரங்களாகவும் பிரித்தன. ஓர் ஆறு தன் முட்டை இலக்கை, அதாவது சால்மன் வளம் குன்றாதிருக்க அங்கே இடப்பட வேண்டிய முட்டைகளின் அளவை, எட்டும் வாய்ப்பு 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது மூன்றாம் தரம். அங்கே பருவம் முழுவதும் ஒரு சால்மனைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பதற்கு 2002 முதலே தடை உண்டு. ஆண்டுதோறும் அரசுக்குத் தர வேண்டிய படிவத்தில், வைத்துக்கொண்ட மீன்களுக்குத் தனியாகவும் விட்ட மீன்களுக்குத் தனியாகவும் கணக்குக் காட்ட வேண்டும். ஆக, நமக்கு வேண்டிய சொல் ஒரே நேரத்தில் சட்டத்தில் நிற்க வேண்டும், அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும், படிவத்தின் தலைப்பில் அடங்க வேண்டும்; இவற்றுக்கெல்லாம் மேலாக, இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒரு தூண்டிற்காரர் தம் நண்பரிடம் சொல்லும்போது வாயில் வர வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை நான் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பழக்கம் முழுவதும் மேலிருந்து இறங்கிய ஆணை அன்று. சட்டம் வருவதற்கு முன்பே பல ஆறுகளில் தூண்டிற்காரர்கள் தாமாகவே கைக்கொண்டது. ஐஸ்லாந்தின் ஓரி விக்ஃபூசன் ஒரு தூண்டிற்காரர். 1989இல் அவர் தொடங்கிய வட அட்லாண்டிக் சால்மன் நிதியம், கடலில் வலை போடும் உரிமைகளைப் பணம் கொடுத்து வாங்கி வலைகளைக் கரையேற்றியது. 2007இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. வலைக்காரரை நிறுத்தச் சொன்னவர் தாம் பிடித்ததைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் அவர் பேச்சை யார் மதிப்பார்கள்? 1922இல் ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் தூண்டிலில் பிடித்த 64 பவுண்டு சால்மன்தான் இன்றும் பிரிட்டனின் சாதனை. அதைத் திரும்ப விட்டிருக்கலாமே என்று அன்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது. இன்று அப்படி ஒரு மீன் சிக்கினால் பலர் தராசைத் தேடவே மாட்டார்கள். தண்ணீரில் வைத்தே நீளத்தை அளந்து, எடையைக் கணக்கிட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

இனி முன்மொழியப்பட்ட சொற்கள்.

‘பிடித்துவிடல்’ என்பதே முதலில் வந்தது, எளிமையாகவும் இருக்கிறது. ஆனால் நம் மொழியில் ‘விடு’ என்பது துணைவினையாக வந்து ஒட்டினால் செயல் முற்றுப்பெற்றது என்றுதான் பொருள். ‘மீனைப் பிடித்துவிட்டான்’ என்றால் மீன் கூடைக்குள் போய்விட்டது. ‘இந்த ஆற்றில் சால்மனைப் பிடித்துவிட வேண்டும்’ என்று பலகை எழுதி நட்டால், விதி தடுப்பதை நாமே ஏவியது போலாகும். இடைவெளி விட்டு ‘பிடித்து விடல்’ என எழுதலாம் என்றார் ஒருவர். ஓர் இடைவெளியை நம்பி ஒரு மீனின் உயிரை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

உயிரோடு விடுவதுதானே முக்கியம் என்று ‘உயிர்விடல்’ எனச் சுருக்கியவருக்கு மறுமொழி தேவையில்லை என நினைக்கிறேன். அவரே மறுநாள் சிரித்துக்கொண்டு திரும்பப் பெற்றுவிட்டார். ‘பற்றுவிடல்’ அழகான சொல்தான், ஆனால் படிப்பவர் துறவியரைப் பற்றிய கட்டுரை என்று எண்ணிக்கொள்வார். ‘பிடிவிடுப்பு’ என்பது எனக்குத் தலைமை எழுத்தரிடம் நீட்டும் விடுப்பு விண்ணப்பத்தை நினைவூட்டுகிறது. ‘உயிர்காப்பு மீன்பிடி’ என்பதை வேறு காரணத்துக்காக மறுக்கிறேன். விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. முள் செவுளில் ஏறியிருந்தாலோ, நீர் 20 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறியிருந்தாலோ இறப்பு கூடும். சுவிட்சர்லாந்திலோ, விடும் நோக்கத்தோடேயே மீன் பிடிப்பதை விலங்கு நலச் சட்டம் ஏற்பதில்லை. விவாதத்தில் இருக்கும் ஒரு செயலுக்குப் பாராட்டுப் பத்திரம் போன்ற பெயரை வைப்பது கலைச்சொல்லாக்கத்தின் வேலை அன்று.

எஞ்சுவது ‘பிடித்து விடுவித்தல்’. பொருளில் பிழை இல்லை. சட்ட உரைக்கு நானே அதைத்தான் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் விடுவித்தல் என்பதில் சிறை வாயிலில் கைதியை அனுப்பும் வாடை வருகிறது; கதவைத் திறந்தால் வேலை முடிந்தது. மீனில் அப்படி முடிவதில்லை என்பதைச் சென்ற செப்டம்பரில் டன்கெல்டு ஊருக்குக் கீழே டே ஆற்றில் கண்டேன்.

அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி. வலைக்குள் வந்த சால்மனை அவர் நீரிலிருந்து தூக்கவே இல்லை. கையை நனைத்துக்கொண்டு, பின்கூர் இல்லாத முள்ளைச் சிறிய இடுக்கியால் ஒரே திருப்பில் கழற்றினார். பிறகு வலையைத் தாழ்த்தி, ஒரு கையால் வாலடியைப் பிடித்து, மறு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராக நிறுத்தினார். மீன் பக்கவாட்டில் சாயப் பார்த்தது. அவர் நிமிர்த்திப் பிடித்தார். செவுள் மூடி மெல்லத் திறந்து திறந்து மூடியது. இரண்டு நிமிடத்துக்குக் குறையாது. அவருடைய முட்டியளவுக் காலணிக்குள் தண்ணீர் ஏறியதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு வால் ஒருமுறை அவர் பிடியை உதறியது, அவ்வளவுதான், தேயிலைச் சாறு நிறத்துத் தண்ணீரில் மீன் மறைந்தது. அவர் மீனை விட்டார் என்பதைவிட, மீன் மீளும் வரை காத்திருந்து போகவிட்டார் என்பதே சரி.

அங்கே நின்றபோதுதான் ‘மீளவிடல்’ என்ற சொல் தோன்றியது. மீள்தல் என்றால் திரும்புதல். நோயிலிருந்து மீண்டான் என்றால் தேறினான். மீன் ஆற்றுக்குத் திரும்புவதும், களைப்பிலிருந்து தேறுவதும் தமிழில் ஒரே வினைக்குள் இருக்கின்றன. நல்ல முறையில் விடுவது எப்படி என்ற பாடமும் பெயருக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘பிடித்தல்’ சொல்லில் இல்லையே என்று கேட்கலாம். பிடிக்காததை எப்படி மீளவிடுவது? வினையாகவும் தடையின்றி நடக்கிறது: மீளவிட்டேன், மீளவிட்ட மீன், மீளவிட வேண்டும். கட்டாய மீளவிடல், மீளவிடல் விகிதம், மீளவிட்ட பின் இறப்பு என்று தொடர்களும் அமைகின்றன. சால்மனோடு இதைக் கட்டிப்போடவும் தேவையில்லை. கருநாடகத்துக் காவிரியில் பீமேசுவரி முகாமில் மகசீர் மீனைப் பிடித்தவர்கள் செய்ததும் இதுவேதான்.

உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி, கனடாவிலிருந்து:

அன்பின் நண்பருக்கு, வணக்கம். ‘பிடிவிடுப்பு’ என்பதை நீங்கள் தள்ளியது நல்லதாயிற்று. எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கில் விடுப்பு என்றால் ஊர்வம்பு. மீனைப் பிடித்து விடுப்புக் கதைக்கிறார்களோ என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள்.

‘மீளவிடல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. எனினும் ஓர் ஐயம். இலங்கைத் தமிழில் மீள என்பதை ‘மறுபடியும்’ என்ற பொருளிலேதான் நாளாந்தம் எழுதுகிறோம்: மீள எழுதுதல், மீள விண்ணப்பித்தல். மீளவிடல் என்பதை இரண்டாம் முறை விடுதல் என்று ஒருவர் விளங்கிக்கொள்ள இடம் உண்டு. இன்னொன்று. இங்கே நியூ பிறன்ஸ்விக்கில் மிராமிச்சி ஆற்றின் விதியைப் பாருங்கள். 1984 முதல் 63 சென்ரிமீற்றரிலும் நீண்ட பெரிய சால்மனை விட்டுவிட வேண்டும், சிறியதை எண்ணிக்கைக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நெடுங்காலம் இருந்தது. 2015 முதல்தான் எல்லாவற்றையும் விட வேண்டும் என்றாயிற்று. ஆகவே விடுவதற்கு ஒரு சொல் போதாது, அதற்கு இணையாக வைத்துக்கொள்வதற்கும் ஒரு சொல் வேண்டும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதாமல் நிற்க வேண்டும். கோடையில் தண்ணீர் சூடேறும்போது அங்கே குளிர்ந்த மடுக்களை முழுவதுமாக மூடிவிடுவார்கள், மீளவிடலும் அப்போது கிடையாது. அந்த வேறுபாட்டையும் உங்கள் மொழிபெயர்ப்பு காட்ட வேண்டும்.

மறுமொழிக்கு மறுமொழி:

நன்றி நண்பரே. ‘மறுபடியும்’ என்ற பொருள் இடறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் தமிழ்நாட்டு வழக்கை மட்டும் மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். எனவே ஆவணத்தில் முதன்முறை வரும் இடத்தில் ‘ஆற்றில் மீளவிடல்’ என்று முழுமையாக எழுதி, பிறகு மீளவிடல் என்று சுருக்கிக்கொள்கிறேன். இடம் சொன்ன பிறகு இரண்டாம் முறை என்ற பொருள் எழ வழியில்லை.

இணைச்சொல்லுக்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ‘தக்கவைத்தல்’ என்று முதலில் எழுதினேன். அது பதவியைப் பற்றிக்கொள்வது போல ஒலித்ததால் அடித்துவிட்டேன். நாம் பேசும் ‘வைத்துக்கொள்ளல்’ போதும். படிவத்தின் இரண்டு தலைப்புகளும் இப்போது ‘வைத்துக்கொண்டவை’, ‘மீளவிட்டவை’ என்று நிற்கின்றன. மடு மூடப்படும் நாளுக்கு மீளவிடல் என்ற சொல்லையே கொண்டுவராமல், ‘இன்று தூண்டில் போடக் கூடாது’ என்று நேரடியாக எழுதிவிடலாம். பலகையின் வாசகம் இப்படி அமைந்திருக்கிறது: ‘இது மூன்றாம் தர ஆறு. இங்கே பிடிபடும் சால்மன் ஒவ்வொன்றையும் காயமின்றி, தாமதமின்றி ஆற்றில் மீளவிட வேண்டும்.’

ஒரு சொல் இன்னும் பாக்கி இருக்கிறது. முட்டையிட்டு முடித்து, மெலிந்து, இறக்காமல் மறுபடி கடலை நோக்கி இறங்கும் சால்மனை ஆங்கிலத்தில் ‘கெல்ட்’ என்பார்கள். வசந்தத்தில் அது வெள்ளி நிறம் கொண்டு புதுமீன் போலவே காட்சி தருவதால், புதியவர்கள் ஏமாந்து கொன்றுவிடுகிறார்கள். அதைக் கொல்வதும் குற்றமே. ‘ஈன்றிளைத்த சால்மன்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். முட்டையிடும் மீனுக்கு ஈனுதல் பொருந்துமா என்று என் மனைவி கேட்கிறார், அந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன் பிறகு ஆவணம் அச்சுக்குப் போகிறது.