களிமண்ல ஒட்டியிருக்கற ரேர் எர்த், உப்புத்தண்ணி விட்டாலே வந்துடுமா?

முல்லை_ஈசூன்:
மலேசியா பேராக்ல ரேர் எர்த் (காந்தம், மோட்டார்ல எல்லாம் பயன்படற ஒரு வகை உலோகத் தனிமங்கள்) எடுக்கறதப் பத்தி செய்தி பாத்தேன், மலைய வெட்டாம துளை போட்டு உப்புக் கரைசல் விட்டு எடுக்கறாங்களாம். எனக்குத் தெரிஞ்சது தமிழ்நாட்டு மணவாளக்குறிச்சில ரேர் எர்த் உள்ள மோனசைட்ங்கற தாது கலந்த மணல்தான், அதுக்கு சூடான ஆசிட் இல்லன்னா காஸ்டிக் சோடா வேணும். இங்க மட்டும் எப்படி இவ்வளவு லேசா வருது? யாராச்சும் விளக்கமா சொல்லுங்களேன்.

போர்ஹோல்_செந்தில்:
நான் சாயில் இன்வெஸ்டிகேஷன் வேலைல இருக்கேன். சிங்கப்பூர் புக்கிட் தீமா பக்கம் போர் போட்டா மேல செம்மண் வரும், கீழ போகப் போக நிறம் வெளிறி கிரானைட்டோட அமைப்பு அப்படியே தெரியும், குவார்ட்ஸ் மணிகூட அதே எடத்துல இருக்கும், ஆனா விரலால அமுக்கினா பொலபொலன்னு உதிர்ந்துடும். கிரானைட்ல இருக்கற ஃபெல்ட்ஸ்பார்ங்கற தாது களிமண்ணா மாறிட்டதாலதான் அப்படி. தென் சீனால ஜியாங்சி, குவாங்டோங் மலைகள்ல இருக்கறதும் பெரும்பாலும் இந்த மாதிரி சிதைஞ்ச கிரானைட்தான். பாறைல இருந்த தாதுக்கள மழைத்தண்ணி கரைக்க, அதுல இருக்கற ரேர் எர்த் தனிமங்கள் மூணு பாசிட்டிவ் சார்ஜ் உள்ள அயனியா கீழ எறங்குது, களிமண் துகளோட பரப்பு நெகட்டிவ், அதுல போய் ஒட்டிக்குது. மோனசைட்ல படிகத்துக்குள்ளயே கட்டுண்டு கெடக்கு, இங்க வெளிய ஒட்டியிருக்கு, வித்தியாசம் அவ்வளவுதான். ரேர் எர்த்ல செரியம் மட்டும் பெரும்பாலும் மேல் மண்லயே ஆக்ஸைடா மாறி நின்னுடும்.

கெமிஸ்ட்ரி_அக்கா:
செந்தில் தம்பி சொன்னது சரி. அம்மோனியம் சல்ஃபேட் விட்டா 3 அம்மோனியம் அயனி சேந்து ஒரு ரேர் எர்த் அயனிய வெளிய தள்ளிட்டு அந்த எடத்துல உக்காந்துக்கும். 1969ல ஜியாங்சில இந்த வகை மண்ண கண்டுபிடிச்சப்புறம் ஆரம்பத்துல சாதா உப்பத்தான் பயன்படுத்தினாங்க, பெறகுதான் அம்மோனியம் சல்ஃபேட். வெளிய வர்ற கரைசல்ல அலுமினியமும் இருக்கும், அத மொதல்ல பிஎச் 5 பக்கம் ஏத்தி படிய வச்சு எடுத்துட்டு, அம்மோனியம் பைகார்பனேட் போட்டா ரேர் எர்த் வெள்ளையா கார்பனேட்டா கீழ படியும், சூளைல சுட்டா ஆக்ஸைடு. மண்ல இருக்கறதே பொதுவா 0.05லேர்ந்து 0.2 சதவீதந்தான், ஆனாலும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம்ங்கற ரேர் எர்த் கெடைக்குதுல்ல, மின்சாரக் கார் மோட்டார் காந்தம் சூட்டுல பலம் இழக்காம இருக்க அதுதான் வேணும். கலவையா இருக்கற ஆக்ஸைட தனித்தனியா பிரிக்கறதுதான் உண்மைல பெரிய வேலை.

ஜொகூர்_ரவி:
லேசா வருதுன்னு சொல்றதுலதான் எனக்கு பயமே. மலைய வெட்டலன்னா சுத்தமான முறைன்னு சிலர் பேசறாங்க, எனக்கு அது கோவம் வரவைக்குது. மண்ணுக்குள்ள விட்ட கரைசல் மொத்தமும் சேகரிப்புக் கால்வாய்க்கு வராது, மீதி நிலத்தடி நீருக்குப் போகுது, அம்மோனியா வருசக்கணக்குல கசிஞ்சுட்டே இருக்கும், தண்ணி ஊறின சரிவு மழைக்காலத்துல சரிஞ்சு விழுது. ஜியாங்சில இருக்கற கன்சாவ் மலைகள்ல நடந்தத சீனாவே சரிபண்ண செலவு பண்ணிட்டு இருக்கு, மியன்மார் கச்சின்ல பாங்வா பக்கம் அதக் கேக்கவும் ஆள் இல்ல. அம்மோனியத்துக்குப் பதிலா மெக்னீசியம் சல்ஃபேட் போடலாம், அது கொஞ்சம் தேவலாம். பேராக் ஆத்தங்கரைல குடியிருக்கறவங்களுக்கு தண்ணி சோதனை முடிவ மாசாமாசம் வெளிய போடணும், அது இல்லாம லைசென்ஸே குடுக்கக் கூடாது.

முல்லை_ஈசூன்:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி, இப்பத்தான் புரியுது. அப்போ நம்ம புக்கிட் தீமா மண்லயும் இருக்குமா?

போர்ஹோல்_செந்தில்:
கிரானைட்டும் மழையும் இருந்தா மட்டும் போதாதுங்க. தாய்ப்பாறைல ஃப்ளோரோகார்பனேட் மாதிரி சீக்கிரம் கரையற தாதுல ரேர் எர்த் இருக்கணும், மோனசைட், சிர்கான்ல பூட்டிக்கெடந்தா எவ்வளவு மழை பெஞ்சாலும் அவ்வளவா வெளிய வராது. அதனால மண்ண முழுசா ஆசிட்ல கரைச்சு பாத்த அளவ மட்டும் நம்பாதீங்க, அது படிகத்துக்குள்ள இருக்கறதையும் சேத்துக் காட்டிடும். அம்மோனியம் சல்ஃபேட் கரைசல்ல குலுக்கி, வடிகட்டின தண்ணில எவ்வளவு வந்துருக்குன்னு பாக்கணும்.