சாக்கடை கலந்த தண்ணீர், குவிந்த குப்பை: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

மூன்றாம் மாடி:

எங்க குடியிருப்பில் வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை வந்த சமயம். கீழ்த்தொட்டி, மேல்தொட்டி ரெண்டையும் கழுவியாச்சு, குளோரினும் போட்டாச்சு. அப்படியும் புதுசா யாருக்காவது கண் மஞ்சளாகிக்கிட்டே இருந்தது. கடைசியில் குழாய் வேலை பார்க்கிறவர் வாசலில் இருந்த வால்வுக் குழியைத் திறந்தார். குழி நிறைய சாக்கடைத் தண்ணி. குடிதண்ணிக் குழாயோட இணைப்பு அதுக்குள்ள மூழ்கிக் கிடந்தது. "மோட்டாரைப் போடுங்க"ன்னார்.

போட்டதும் அந்தக் குழியில் நின்ற கறுப்புத் தண்ணியோட மட்டம் இறங்க ஆரம்பிச்சது. சுத்தி நின்ன எல்லாரும் பார்த்தோம். எங்கே போகுதுன்னு ஒருத்தரும் கேட்கலை.

குழாயில் அழுத்தம் இருக்கிற வரைக்கும் விரிசல் வழியா தண்ணி வெளியேதான் கசியும். சப்ளை நின்ன பிறகு, அதுவும் மோட்டாரை நேரா லைனில் மாட்டி இழுக்கிறப்போ, அதே விரிசல் உறிஞ்சுகுழல் மாதிரி வெளியில் இருக்கிறதை உள்ளே இழுத்துடும். எங்களுக்கு வந்தது ஹெபடைடிஸ் ஈ. நிறைய பேருக்குச் சில வாரத்தில் சரியாப் போச்சு. கீழ்வீட்டில் ஒரு பொண்ணு, எட்டாவது மாசம். கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்தில் இந்த நோய் வந்தா நூத்துக்கு 20 முதல் 25 பேர் வரை இறந்து போகலாம்னு ஆஸ்பத்திரியில் வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அவளும் வரலை, குழந்தையும் வரலை.

இரவுப்பணிச் செவிலி:

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

என்னை விடாத ஒன்றைச் சொல்கிறேன். வயிற்றுப்போக்கு வார்டில் ஒரு வயதுக் குழந்தை. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டேன். விட்ட மடிப்பு அப்படியே நின்றது, பழையபடி படியவே இல்லை. பாட்டி பக்கத்தில் நின்று, "போற வயித்துக்குத் தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு நான்தான் நிறுத்தி வச்சேன்" என்றார். அவ்வளவு நிதானமாக, பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட ஒருவரின் குரலில்.

குழந்தை பிழைத்துவிட்டது. நரம்பு கிடைக்காமல் கால் எலும்புக்குள் ஊசி போட்டு நீர் ஏற்ற வேண்டியதாயிற்று.

கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கில் உயிரை எடுப்பது பெரும்பாலும் கிருமி நேரடியாக அல்ல, உடம்பிலிருந்து போகும் நீரும் உப்பும்தான். குடலுக்குச் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால் அவை தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கடுமையான பேதியிலும் இந்த வழி அடைபடாது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலிப் மஹலனாபிஸ் செய்தது இதைத்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே கொடுக்கச் செய்தார். அங்கே இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

கடையில் ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைத்தால் அதைத்தான் வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையாகக் கரையுங்கள். "கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்" என்று பாதித் தண்ணீரில் கரைப்பது ஆபத்து, உப்பு ஏறிவிடும். பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இனிப்பைக் கூட்டினால் பேதி கூடும். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு தடவை போனதும் 50 முதல் 100 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் திரும்பக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டில் வைத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

கொதிநீர்:

இவ்வளவும் எதுக்குங்க? கொதிக்க வச்சுக் குடிச்சா முடிஞ்சது. எங்க வீட்டில் எப்பவும் அதான். அந்தக் குடியிருப்பிலும் எல்லாரும் கொதிக்க வச்சிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது.

கிணற்றடி:

கொதிநீர் அண்ணா, கொதிக்க வச்ச தண்ணியாலதான் எங்க அண்ணன் குழந்தை நீலமாச்சு.

ரெண்டு மாசக் குழந்தை. பால் பவுடர் கரைக்கக் கிணத்துத் தண்ணி. அண்ணி பார்த்துப் பார்த்து நல்லாக் கொதிக்க வைப்பாங்க. குழந்தையோட உதடும் நகமும் ஒரு மாதிரி சாம்பல் நீலமா மாறிச்சு. மூச்சுத் திணறல் இல்லை, சளியும் இல்லை. ஆக்ஸிஜன் வச்சும் நிறம் மாறலை. டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைத் தாளில் வச்சுட்டு, "இது காத்துப் பட்டா சிவக்கணும், பாருங்க"ன்னார். பார்த்துக்கிட்டே நின்னோம். அது கரும்பழுப்பாவே இருந்துச்சு. அந்தத் தாள் இப்பவும் என் கண்ணுக்குள்ள நிக்குது.

நைட்ரேட். கிணத்துக்கு ஒரு பக்கம் கழிவறைக் குழி, இன்னொரு பக்கம் உரம் போட்ட நிலம். ரெண்டும் மண் வழியா இறங்கிக் கிணத்துக்கு வந்திருக்கு. சின்னக் குழந்தை வயித்தில் அது நைட்ரைட்டா மாறி, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமப் பண்ணிடும். 1945-லேயே அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டாக்டர் ஒருத்தர் கிணத்துத் தண்ணியில் இதைக் கண்டுபிடிச்சு எழுதியிருக்கார். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வச்சா ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், நைட்ரேட் பாத்திரத்திலேயே தங்கி இன்னும் கெட்டியாகும். ஈயம், ஆர்சனிக், ஃப்ளோரைடு எல்லாமே இப்படித்தான்.

மெத்திலீன் நீலம்னு ஒரு மருந்தை ஊசியில் ஏத்தினாங்க. நிறம் திரும்ப வந்துச்சு. பிழைச்சுட்டான்.

மூன்றாம் மாடி:

கொதிநீர், அந்தப் பொண்ணு கொதிக்க வச்ச தண்ணிதான் குடிச்சா. கர்ப்பமா இருக்கோம்னு கவனமாத்தான் இருந்தா. பல் தேய்ச்சது, வாய் கொப்பளிச்சது, பாத்திரம் கழுவினது எல்லாம் குழாய்த் தண்ணி. செத்துப்போனவ மேல தயவுசெஞ்சு குத்தம் சொல்லாதீங்க.

விடியல் வண்டி:

நான் குப்பை வண்டியில வேலை பாக்கிறவன். ஒரு பையை அமுக்கித் தூக்கினப்போ கையுறையைத் தாண்டி உள்ளங்கையில சுருக்குன்னுச்சு. கழட்டிப் பாத்தா இன்சுலின் ஊசி, மூடியே இல்லை. குழந்தையோட டயப்பர்ல சுத்தி வச்சிருந்தாங்க. யாரு போட்டதுன்னே தெரியாது. யாரோட ரத்தம்னும் தெரியாது.

சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னாங்க, மாத்திரை குடுத்தாங்க. மஞ்சள் காமாலை பி கிருமி காஞ்ச ரத்தத்துலயும் ஏழு நாள் உயிரோட இருக்குமாம். ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் வந்து முடியுற வரைக்கும் என் பொண்டாட்டி புள்ளைங்க கிட்ட நான் சாதாரணமா இல்லை. எதுவும் வரலை. ஆனா ஒவ்வொரு பையைத் தொடும்போதும் கை ஒரு கணம் நிக்குது, இன்னைக்கும்.

கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல ஊசியைப் போட்டு, மூடியை இறுக்கித் தனியாக் குடுங்க. உடைஞ்ச கண்ணாடிய தாள்ல சுத்தி, மேல எழுதி வைங்க. வேற ஒண்ணும் கேக்கலை.

பழைய ஏடு:

விடியல் வண்டித் தம்பி, இனி எங்கள் வீட்டிலிருந்து ஊசி உங்கள் கையைத் தொடாது. அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறோம், தனிப் பாட்டில் இன்றே எடுத்து வைத்தாயிற்று.

நான் பார்த்தது சிறிய விஷயம்தான். விடுதியில் இருந்த காலம். குளோரின் போட்ட குழாய் சும்மா இருக்கும், குப்பை மேட்டை ஒட்டிய அடிகுழாயில் வரிசை நிற்கும். கேட்டால் "இதுதான் ருசி, அதில் மருந்து வாடை" என்பார்கள். அந்த மேட்டின் அடியிலிருந்து பழுப்பாக ஒரு நீர் கசிந்து அடிகுழாயின் மேடை வரை வந்து தேங்கியிருக்கும். அதைத் தாண்டிக் கால் வைத்து நின்றுதான் குடத்தை நிரப்பினார்கள். டைபாய்டு வந்தபோதும் யாரும் அடிகுழாயைச் சந்தேகப்படவில்லை.

ருசியை நம்பி உயிர் விட்டவர் வரலாற்றிலேயே இருக்கிறார். 1854-ல் லண்டனில் பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றி காலரா வந்து 616 பேர் இறந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். அந்தப் பகுதியிலேயே குடியிருக்காத ஒரு மூதாட்டியும் இறந்திருந்தார். முன்பு அங்கே வாழ்ந்தவர், அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய்த் தினமும் பாட்டிலில் வரவழைத்துக் குடித்தவர். செப்டம்பர் 8-ஆம் தேதி அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பிறகு தோண்டிப் பார்த்தபோது, நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசி ஊற்றிய மலக்குழி, கிணற்றிலிருந்து மூன்றடிகூடத் தள்ளி இல்லை. செங்கல் சிதைந்து உள்ளே கசிந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடி சொல்லும் வால்வுக் குழியும் அதேதான், இத்தனை வருடங்களுக்குப் பிறகும்.

ஆகவே குழாய் நீரில் லேசான குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். வழியில் ஏதாவது கலந்தால் அதைக் கொல்ல அந்த மிச்சம்தான் இருக்கிறது. வாடை வந்துகொண்டிருந்த குழாயில் திடீரென்று அது அறவே நின்றால்தான் பயப்பட வேண்டும்.

கொதிநீர்:

மூன்றாம் மாடி, உங்க மனசு புண்படும்னு நினைச்சு எழுதலை. இழப்பு உங்களுடையது, அதுக்கு மேல அதைப் பத்திப் பேச மாட்டேன்.

ஆனா பழைய ஏடு ஐயா, குளோரினை அவ்வளவு நம்பாதீங்க. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் சுமார் 4,03,000 பேருக்கு வயித்துப்போக்கு. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி, குளோரினுக்கு அசையாது. வடிகட்டும் நிலையத்தைத் தாண்டி வந்துடுச்சு. அங்கே மக்களைக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கச் சொன்னாங்க. தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா அது செத்துப்போகும். கிணற்றடி சொன்ன நைட்ரேட்டுக்கு அது உதவாது, சரி. கிருமிக்கு உதவும். ரெண்டும் வேற வேற.

ஈரமண்:

வெள்ளம் வடிஞ்ச பிறகு கீழ்த்தளத்தைச் சுத்தம் பண்ணப் போன நண்பன். குதிகாலில் வெடிப்பு. பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல், ஃப்ளூன்னு மாத்திரை போட்டுக்கிட்டான். நான் பார்க்கப் போனப்போ கண் ரெண்டும் ரத்தச் சிவப்பு, ஆனா பீளை துளிகூட இல்லை. கெண்டைக்காலில் போர்வை பட்டதுக்கே கத்தினான். அந்த அலறலை வச்சுத்தான் டாக்டர் எலிக்காய்ச்சல்னு சந்தேகப்பட்டார், எலி மூத்திரம் கலந்த தண்ணி தோல் வெடிப்பு வழியா ஏறி வர்ற நோய். சிறுநீரகம் அதுக்குள்ள பாதிச்சிருந்தது. வெள்ளத் தண்ணியில் கால் வச்சவங்க காய்ச்சல் வந்தா "தண்ணியில் நின்னேன்"னு டாக்டர்கிட்ட முதல் வார்த்தையாச் சொல்லுங்க.

தனிவழி:

இதை எழுதலாமான்னு யோசிச்சேன்.

கழிவுத்தொட்டி மூடியைத் திறந்தாங்க. அழுகின முட்டை நாத்தம், நிக்க முடியலை. கொஞ்ச நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தவர் நிமிர்ந்து, "வாடை போயிடுச்சு, இறங்கலாம்"னார். நான் தெருவின் எதிர்ப்பக்கம் நின்னேன். எனக்கு நாத்தம் வந்துக்கிட்டேதான் இருந்தது.

அது ஹைட்ரஜன் சல்பைடு. காத்தில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவுக்கு ஏறினா மூக்கு மரத்துடும். வாடை தெரியாமப் போறதுதான் அபாயம், வாயு அங்கேயேதான் இருக்கும். அவர் ஏணியில் பாதியில் சரிஞ்சார். தூக்க இறங்கின ரெண்டாவது ஆளும் போனார். யாரையும் இறக்காதீங்க, இயந்திரம் வச்சு உறிஞ்சுங்க. உள்ளே ஒருத்தர் விழுந்துட்டா சுவாசக் கருவி இல்லாம இன்னொருத்தர் இறங்கவே கூடாது. தீயணைப்பு வீரர்களைக் கூப்பிடுங்க.

புதுத்தாய்:

இப்போதான் எல்லாத்தையும் படிச்சேன். செவிலி அக்கா, என் பையனுக்கு எட்டு மாசம், ரெண்டு நாளா போகுது. உப்புச் சர்க்கரை நீர் கொடுக்கிறேன், குடிக்கிறான், சிறுநீரும் போறான். துத்தநாக மாத்திரை எழுதியிருக்காங்க. பேதி நின்னதும் நிறுத்திடலாமா?

இரவுப்பணிச் செவிலி:

நிறுத்த வேண்டாம்மா. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தினம் 20 மி.கி., பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், அடுத்து வரும் மாதங்களில் திரும்ப வருவதைக் குறைக்கும். மாத்திரையைக் கரண்டியில் கொஞ்சம் தாய்ப்பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ கரைத்துக் கொடுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, அழும்போது கண்ணீர் வரவில்லை என்றாலோ இரவென்று பார்க்காமல் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.