மெத்தைக்கு அடியில் பிஸ்கட் பதுக்கும் சிறுவன்: தண்டிப்பதா?

கேள்வி: வைகறை

குழந்தைகள் இல்லம் ஒன்றில் இரவுநேரப் பராமரிப்பாளராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. என் பொறுப்பில் இருப்பவர்களில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். வீட்டில் பட்டினியும் அடியும் கண்டு வந்தவன் என்பதற்கு மேல் கோப்பில் எதுவும் இல்லை. இங்கே வயிறாரச் சாப்பிடுகிறான். ஆனாலும் பிஸ்கட்டுகளை மெத்தைக்கு அடியில் பதுக்குகிறான். எறும்பு மொய்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விளக்கை அணைத்தால் கண் மூடுவதில்லை. தாயார் வந்து பார்த்துவிட்டுப் போகும் மாலைகளில் கையில் கிடைத்ததை எல்லாம் உடைக்கிறான். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

"திருட்டுப் பழக்கம், முளையிலேயே கிள்ள வேண்டும்" என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். அவனுடைய மாலை விளையாட்டை நிறுத்தவும் தாயின் வருகையைக் குறைக்கவும் பேச்சு நடக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை, எதிர்த்துச் சொல்ல அனுபவமும் இல்லை. அவனை உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் சொல்லச் செய்தால் மனப்பாரம் குறையுமா?

பதில்: கலங்கரை

உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

நான் பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். உணவைப் பதுக்கும் பிள்ளையைத் திருடன் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த வேளைக்கு ஏதாவது கிடைக்குமா என்று தெரியாத வீட்டில் ஒரு பிஸ்கட்டை ஒளித்துவைத்த பிள்ளை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை. இடம் மாறியது அவன் அறிவுக்குத் தெரியும், உடம்புக்கு இன்னும் தெரியாது. மூளையில் ஆபத்தை முதலில் உணரும் அமிக்டலா என்ற பகுதி, நெடுநாள் அச்சத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்கிறது. அப்போது நிதானமாக யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி பின்தங்கிவிடுகிறது. பொருளை உடைக்கும் நேரத்தில் "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் பதில் வராமல் போவது பிடிவாதத்தால் அல்ல. அவனுக்கே காரணம் தெரியாது.

நான் பார்த்துக்கொண்ட சிறுமி ஒருத்தி தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டுகளைத் திணித்துவைப்பாள். இறுக்கமான மூடி உள்ள டப்பா ஒன்றில் அவள் பெயரை எழுதிக் கட்டில் அருகே வைத்தோம். உள்ளே கெட்டுப்போகாத தின்பண்டம் எப்போதும் இருக்கும். தீர்ந்தால் அவள் கேட்காமலே நிரப்புவோம். "அதற்குள்ளாகவா தீர்த்துவிட்டாய்?" என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் கண்டிப்பான ஏற்பாடு. தொடக்கத்தில் டப்பா அன்றாடம் காலியாகும். பிறகு நள்ளிரவில் எழுந்து, மூடியைத் திறந்து பார்த்து, ஒன்றும் எடுக்காமல் மூடிவிட்டுப் படுப்பாள். நெடுநாள் கழித்து அதே டப்பாவில் வண்ணப் பென்சில்களைப் போட்டு வைத்திருந்தாள்.

விளக்கு அணைய வேண்டும் என்று ஏன் வற்புறுத்த வேண்டும்? சிறிய இரவு விளக்கு எரியட்டும். அறைக்குள் நுழையும் முன் குரல் கொடுங்கள். எழுப்பும்போது தலைமாட்டில் குனிய வேண்டாம், தொடவும் வேண்டாம். கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விடுப்பு எடுப்பதானால் முன்கூட்டியே சொல்லுங்கள்: யார் இருப்பார், நீங்கள் எந்த இரவு திரும்புவீர்கள் என்று. வியாழன் என்று சொன்னால் வியாழன் வந்தே தீர வேண்டும். எத்தனையோ பெரியவர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன பிள்ளை அவன்.

உடைத்ததற்கு அவன் பொறுப்பேற்கத்தான் வேண்டும். கோபம் தணிந்த பிறகு இருவரும் சேர்ந்து பொறுக்குங்கள், ஒட்டக்கூடியதை ஒட்டுங்கள். விளையாட்டைப் பறிப்பதோ நேர்மாறான வேலை. ஓடுவதும் பந்தை எறிவதும்தான் அவன் உடம்பில் தேங்கிய பதற்றம் வெளியேற இருக்கிற வழி.

ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அவர்களில் இரண்டு வயதுக்குள் சேர்க்கப்பட்டவர்கள் பாசப்பிணைப்பில் நன்றாகவே மீண்டார்கள். "ஒன்பது வயதாகிவிட்டதே, இனி என்ன இருக்கிறது" என்று இதற்குப் பொருள் கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் தெரிவது வேறு. அந்தக் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிடைத்தது மருந்து அல்ல, தங்களுக்கென்று இருந்த பெரியவர்கள்.

பதில்: மழைக்கால்

நான் அப்படி ஓர் இல்லத்தில் வளர்ந்தவன். தாயின் வருகையைக் குறைப்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

அம்மா வந்துபோன நாட்களில் நானும் உடைத்திருக்கிறேன். அவர் வந்ததற்காக அல்ல, போனதற்காக. பார்க்கவே விடாதிருந்தால் நான் அமைதியாகியிருப்பேன், ஆறியிருக்க மாட்டேன். தாயைப் பார்ப்பது அவனுக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு அல்ல, பறித்துக்கொள்வதற்கு. குழந்தையின் நலனுக்கு எதிராக இல்லாதவரை பெற்றோருடன் தொடர்பில் இருப்பது அதன் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு சொல்கிறது. குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. அவனைக் கேட்டீர்களா? சந்திப்பின்போது தாய் மிரட்டுகிறார், அடிக்கிறார் என்றால் கதை வேறு. அப்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், தேவையானால் நிறுத்தவும் வேண்டும்.

தாய் போன பிறகு வரும் ஒரு மணி நேரத்தைக் காலியாக விடாதீர்கள். என் காப்பாளர் ஒருவர் அந்த நேரத்தில் ஒன்றும் கேட்காமல் என்னைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அழைத்துப்போவார். அழுதாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று: அவன் கோப்பில் உள்ளதைச் சமையலறையில் பேசாதீர்கள். பிள்ளைகளுக்குக் கேட்கும்.

பதில்: உளநல ஆலோசகர்

உங்கள் கடைசிக் கேள்விக்கு: வேண்டாம். உட்காரவைத்து விசாரிப்பது சிகிச்சை ஆகாது. தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்தான செய்தி என்றால் நீங்கள் சொல்லியாக வேண்டியிருக்கும்.

நடந்ததைப் பேசவைப்பதற்கும் முறை இருக்கிறது. மன அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை) முதலில் பதற்றத்தைத் தணிக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் நடந்ததைப் பற்றிப் பேச்சே வரும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் உள்ள குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, ஓயாத கொடுங்கனவு, சூழலை மறந்து உறைந்துபோவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காமல் பயிற்சி பெற்றவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடல் பரிசோதனையும் நடக்கட்டும். தூக்கமின்மைக்கு உடல் காரணமும் இருக்கலாம்.

வைகறை:

அனைவருக்கும் நன்றி. டப்பா யோசனையை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "ஒருவனுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே" என்கிறார்.

கலங்கரை:

கேட்டால் எல்லோருக்கும் கொடுங்கள். எங்கள் இல்லத்தில் அப்படித்தான் செய்தோம். தேவையில்லாத பிள்ளைகள் சில நாட்களில் அதை மறந்துவிட்டார்கள். மறக்காதவர்கள் யார் என்பதையும் அப்போதுதான் அறிந்துகொண்டோம். எறும்பு ஏறாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள், பெயரை அவனே எழுதட்டும்.