பாளையில் லூஸில் விற்கும் மீன் தீனியை நம்பி வாங்கலாமா?

பாளை_மீன்தொட்டி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் மூன்றடித் தொட்டியில் கோல்ட் ஃபிஷ், இன்னொன்றில் கப்பிக் கூட்டம், தனியாக ஒரு ஃபைட்டர் இருக்கிறது. தீனி வாங்கப் போனால் கடையில் கேட்பது ஒரே கேள்விதான், சின்ன உருண்டையா பெரிய உருண்டையா? சிவப்பும் பச்சையுமாகக் கலந்து பாலித்தீன் கவரில் கட்டி வைத்திருப்பதை எடுத்துக் கொடுக்கிறார்கள், அதில் பெயரும் இல்லை தேதியும் இல்லை. போட்ட மறுநாளே தண்ணீர் லேசாகச் சிவந்து கலங்கிவிடுகிறது. பக்கத்திலேயே டப்பாவில் இருக்கும் கம்பெனித் தீனி அஞ்சாறு மடங்கு விலை. அந்த விலைக்கு உள்ளே சரக்கு இருக்கிறதா, இல்லை டப்பாவுக்குத்தான் காசா? மூன்று வகை மீனுக்கும் ஒரே தீனி போதுமா? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

அம்பை அண்ணாச்சி:
தம்பி, விலையை அப்புறம் பார்ப்போம், முதலில் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போடுவதுதான் வழக்கம். முதல் பெயர் மீன் தூள், இறால் தூள், கிரில் (இறால் மாதிரி ஒரு சின்னக் கடல் உயிரி) என்று இருந்தால் வாங்கலாம், கோதுமை மாவோ சோளமோ முதலில் நின்றால் வைத்துவிடுங்கள். இதிலும் ஒரு தந்திரம் உண்டு. மீன் தூளை முதலில் போட்டுவிட்டு கோதுமை மாவு, கோதுமை குளூட்டன், அரிசித் தவிடு, சோயா என்று பிரித்துப் பிரித்து எழுதியிருப்பார்கள், அத்தனையையும் கூட்டிப் பார்த்தால் அதுதான் ஜாஸ்தியாக இருக்கும். உருண்டை பிடிக்க மாவு கொஞ்சம் வேண்டும்தான், அதைக் குறை சொல்லவில்லை.

அடுத்தது புரோட்டீன். ஃபைட்டர் பூச்சி புழு தின்னும் மீன், அதற்கு 40 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். கோல்ட் ஃபிஷ் இலை தழையும் தின்னும், அதற்கு 30 முதல் 35 போதும். கப்பிக்கு ஸ்பைருலினா என்ற பாசி சேர்ந்த பொடி உருண்டை நல்லது, வாய் சின்னது. ஆக மூன்றுக்கும் ஒரே தீனி சரிப்படாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் தேதி. தீனியில் இருக்கும் மீன் எண்ணெய் காற்றுப் பட்டால் காறிவிடும், வைட்டமின் சி சூட்டில் வீணாகிவிடும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் என்ன சத்து மிச்சம் இருக்கும்? பெரிய கம்பெனிச் சரக்கே ஆனாலும் அதை வாங்காதீர்கள். லூஸ் தீனியை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான், அந்த மூட்டையை எப்போது பிரித்தார்கள் என்று விற்கிறவருக்கே தெரியாது.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து நாலு உருண்டை போட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். நல்ல பெல்லட், அதாவது தீனி உருண்டை, ஊறிப் பருத்து, விரலால் தொட்டால் மெத்தென்று இருக்கும், உடையாது. மட்டமானது அடியில் மாவாகப் படியும், சாயம் நூல் நூலாக இறங்கும். உங்கள் தொட்டி சிவப்பது அந்தச் சாயத்தால்தான் இருக்கும். அப்புறம் மோந்து பாருங்கள், கருவாட்டு வாசம் வந்தால் சரி, பழைய எண்ணெய்க் காறல் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

உப்பளத்துக்காரி:
அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மீனுக்குச் சிவப்பு, ஆரஞ்சு நிறம் ஏற தீனியில் கரோட்டினாய்டு என்ற நிறச்சத்து வேண்டும், அதன் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. இறால், கிரில், ஸ்பைருலினா, கேந்திப் பூச் சாறு இதிலெல்லாம் அது இருக்கிறது, டப்பாவில் அஸ்டாக்சாந்தின் என்று போட்டிருந்தாலும் நல்லதுதான், அதுவும் ஒரு கரோட்டினாய்டுதான். ஆனால் சில நாளில் நிறம் ஏறும் என்று பெயரில்லாத பொடி கொடுத்தால் தயவுசெய்து தொடாதீர்கள். கப்பிக்கு நிறம் காட்ட ஆண் ஹார்மோன் கலப்பதும் நடக்கிறது, அது பெண் மீன் குஞ்சு போடுவதையே கெடுத்துவிடும்.

ஃபைட்டருக்கு உயிர்த்தீனி ஆசையாக இருந்தால் சாக்கடைச் சேற்றில் அள்ளி வரும் டியூபிஃபெக்ஸ் புழு வேண்டவே வேண்டாம், நோயைக் காசு கொடுத்து வாங்குவதுதான் அது. எங்கள் தூத்துக்குடி உப்பளங்களிலேயே ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் மாதிரி உயிரி உண்டு. அதன் முட்டை டப்பாவில் கிடைக்கும், உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரியும். நல்ல தண்ணீரில் அலசிப் போட்டால் கப்பிக் குஞ்சுகள் வயிறு ஆரஞ்சாகத் தெரியும் அளவுக்குத் தின்னும், பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

டவுன்_ரதவீதி:
கோல்ட் ஃபிஷ்ஷுக்கு இரைப்பை என்று தனியாகக் கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகும். எவ்வளவு உசத்தியான தீனியானாலும் ஒரே நேரம் அள்ளிப் போட்டால் கெடுதல்தான். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். மூழ்கும் பெல்லட் வாங்கினால் இன்னும் நல்லது, மேலே வந்து காற்றோடு சேர்த்து விழுங்காது. வாரம் ஒருநாள் பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோல் உரித்து நசுக்கிக் கொடுங்கள்.

பாளை_மீன்தொட்டி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. டம்ளரில் போட்டுப் பார்த்தேன், அஞ்சு நிமிஷத்திலேயே கூழாகிவிட்டது. டப்பா வாங்கினால் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

அம்பை அண்ணாச்சி:
இருக்கிறதிலேயே சின்ன டப்பாவாக வாங்குங்கள், பிரித்தால் ஒன்றிரண்டு மாதத்தில் தீர வேண்டும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை வெளியே எடுத்துக்கொண்டு மீதியைக் காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்தவுடன் திறக்காதீர்கள், சூடு ஆறுவது போலக் குளிர் விட்ட பிறகு திறங்கள், இல்லையென்றால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஈரக் கையை உள்ளே விடாதீர்கள். முக்கியமாகத் தொட்டி மூடி மேல் வைக்காதீர்கள், லைட் சூடும் தண்ணீர் ஆவியும் அங்கேதான் ஜாஸ்தி. கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் தீனி போட வேண்டாம், தின்றதைச் செரிக்க மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும்.