மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் ஆகவில்லை, சென்னையில் எத்தனை நாள் தனிமையில் வைப்பார்கள்?

பயணமேசை:
எங்கள் அலுவலகத்துக்காக நைரோபி போனவர் திரும்பி வருகிறார். மார்ச் 2 அன்று அங்கேயே ஊசி போட்டிருக்கிறார். 9 அன்று கிளம்பி, துபாயில் தங்கி, 11 காலை சென்னையில் இறங்குகிறார். ஊசி போட்டதற்கான சான்றான மஞ்சள் அட்டை கையில் உண்டு. நிறுத்தி வைத்தால் 11-லிருந்து 6 நாளா? சென்னையில் இன்னொரு ஊசி போட்டுக்கொண்டால் விட்டுவிடுவார்களா?

இன்னொருவர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அடிஸ் அபாபாவில் விமானம் மாறி வருகிறார். அவரிடம் அட்டையே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகத்தான்:
முதலாமவருக்கு 11-லிருந்து எண்ணக் கூடாது. நோய் தொற்றியிருக்கக்கூடிய கடைசி நாள் எதுவோ, அதிலிருந்துதான் 6 நாள். அவர் கென்யாவை விட்டது 9-ஆம் தேதி, ஆக அதிகபட்சம் 15 வரை. ஆனால் அட்டை செல்லுபடியாகும் நாள் அதற்கு முன்பே வந்துவிட்டால் அன்றே விட வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்து அட்டை செல்லும். 2-ஆம் தேதி போட்டதற்கு 12. எனவே 11 அன்று நிறுத்துவார்கள், 12 அன்று விடுவிப்பார்கள். முடிந்தால் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், சிக்கலே இல்லை. துபாயில் இறங்கியதற்கான முத்திரையும் போர்டிங் பாஸும் கையில் இருக்கட்டும். 9-ஆம் தேதியே கென்யாவை விட்டார் என்பதற்கு அவைதான் சாட்சி.

சென்னையில் மறுபடி ஊசி போடுவதில் பயனில்லை. அந்த ஊசிக்கும் 10 நாள் ஆக வேண்டும், தனிமையோ 6 நாளில் முடிந்துவிடும்.

இரண்டாமவருக்கு: தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இல்லை, எத்தியோப்பியா இருக்கிறது. விமான நிலைய வளாகத்தைவிட்டு வெளியே போகாமல் மாறி வந்திருந்தால், சுகாதார அலுவலர் ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில் விலக்கு உண்டு. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். அடுத்த விமானத்துக்கு நேரம் அதிகம் என்று விமான நிறுவனமே வெளியே ஹோட்டலில் தங்க வைக்கும். நல்ல வசதி என்று போய்விடுவார்கள். பாஸ்போர்ட்டில் எத்தியோப்பிய முத்திரை விழுந்துவிட்டால் விலக்கு கேட்க வழியில்லை. உள்ளேயே உட்காரச் சொல்லுங்கள்.

பயணமேசை:
நன்றி சார். காய்ச்சலே இல்லாத ஆளை ஏன் இவ்வளவு கறாராக அடைத்து வைக்க வேண்டும்? மாவட்ட நிர்வாகத்தில் பேசிப் பார்த்தால் வீட்டிலேயே இருக்க விடுவார்களா?

கொசுவலை:
இந்தக் கறார் வேண்டியதுதான். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, டெங்கு பரப்பும் அதே கொசு, தெருவுக்குத் தெரு இருக்கிறது. நம் மக்களில் அநேகமாக யாரும் ஊசி போட்டவர்கள் இல்லை. கொசு கடித்து 3 முதல் 6 நாளுக்குள் காய்ச்சல் தெரியும். ஆனால் காய்ச்சல் தொடங்குவதற்குச் சற்று முன்பே ரத்தத்தில் வைரஸ் வந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு உள்ளூர்க் கொசு கடித்துவிட்டால் போதும். "காய்ச்சல் இல்லையே" என்பதை வைத்து விட முடியாததற்கு இதுதான் காரணம். வீட்டில் இருக்க விடாததும் இதனால்தான். ஆளிடமிருந்து ஆளுக்கு இது தொற்றாது, கொசுவிடமிருந்துதான் அவரை மறைக்க வேண்டும்.

தனிமை மையத்தின் வேலையும் அவ்வளவுதான், ஆனால் அதைச் சரியாகச் செய்வது கடினம். சன்னல் வலை அங்குலத்துக்கு 16 கண்ணுக்குக் குறையக் கூடாது. வாசலில் இரட்டைக் கதவு, ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். சாப்பாடு கொண்டு வருகிறவர் தட்டோடு நிற்பதால் இரண்டையும் சேர்த்துத் திறந்து வைப்பார், ஓட்டை அங்கேதான். அடுத்தது ஏசி குழாய் போகும் துளை, சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி விட்டிருப்பார்கள். ஏடிஸ் பகலில் கடிப்பது, இரவில் மட்டும் கொசுவலை கட்டுவதால் ஆகப்போவதில்லை.

வெளியே நீர் தேங்கும் இடங்களை வாரம் ஒருமுறை காலி செய்ய வேண்டும், ஏனென்றால் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக் காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தேய்த்துக் கழுவினால்தான் போகும். விமான நிலையங்களையும் துறைமுகங்களையும் சுற்றிக் குறைந்தது 400 மீட்டருக்குக் கொசு ஒழிப்பு நடக்க வேண்டும் என்பது சர்வதேச சுகாதார விதி.

உள்ளே இருக்கிறவருக்குத் தவறாமல் உடல் வெப்பம் பார்க்க வேண்டும். காய்ச்சல் கண்டால் உடனே வலைக்குள் வைத்து, ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வைரஸ் ரத்தத்தில் இருப்பது முதல் சில நாள்தான், மாதிரி தாமதமானால் பிசிஆரில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

துறைமுகத்தான்:
மாவட்ட நிர்வாகம் பற்றி: பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், துறைமுகத் தனிமைப்படுத்தலும் அதற்கான மருத்துவமனைகளும் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் 28-ஆவது இனம். விமானத்தில் வருபவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் இந்திய வானூர்தி பொதுச் சுகாதார விதிகள். முடிவெடுப்பவர் மத்தியச் சுகாதாரத் துறையின் விமான நிலைய அலுவலர்தான்.

அட்டையையும் இப்போதே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். மருந்து தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், மையத்தின் முத்திரை, மருத்துவரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். கையெழுத்துக்குப் பதிலாக ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. ஒரு தேதியை அடித்துத் திருத்தியிருந்தாலும் அட்டையை மறுக்கலாம். "10 ஆண்டு" என்று எழுதிய பழைய அட்டை இருந்தால் கவலை வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் ஆயுளுக்கும் செல்லும், அதைத் திருத்தி எழுதத் தேவையில்லை, எழுதவும் கூடாது.

பயணமேசை:
அடுத்த மாதம் நைரோபி போக இருக்கும் ஒருவருக்கு முட்டை ஒவ்வாமை கடுமையாக உண்டு. டாக்டர் சான்றிதழ் போதுமா?

கொசுவலை:
இந்த ஊசி கோழிக் கருவில் வளர்த்த உயிருள்ள வைரஸ், கடும் ஒவ்வாமை இருந்தால் போடக் கூடாது. காரணத்தை எழுதி டாக்டர் தரும் விலக்குக் கடிதத்தை அலுவலர் கணக்கில் எடுத்துக்கொள்வார். ஆனால் அந்தக் கடிதத்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, 6 நாள் வைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. வேறு ஆளை அனுப்ப முடியுமானால் அனுப்புங்கள். அப்படி அனுப்பும் ஆளுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இப்போதே இடம் பதிந்துவிடுங்கள். ஒரு குப்பியில் பல டோஸ், கலக்கிய மருந்து சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது, அதனால் நினைத்த நாளில் போய்ப் போட்டுக்கொள்ள முடியாது. கிளம்பும் தேதிக்கு 10 நாள் முன்னதாகப் போட்டாக வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.